சூடை மீனை வைத்து நைட்டியாவை வாசிப்பது: வன்னியில் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நைட்டியா என்பது அழிந்துபோன ஒரு மீன் சாதி. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்று அமெரிக்காவின் வயோமிங், யூற்றா, கொலராடோ மாநிலங்கள் இருக்கும் இடத்தில் பரந்து கிடந்த நன்னீர் ஏரிகளில் கூட்டங் கூட்டமாக வாழ்ந்தது. அந்த ஏரிகளின் அடிச்சேறு இறுகி உண்டான பாறைத் தொகுதியைக் கிரீன் ரிவர் படிவு என்கிறார்கள். 1907 இல் டேவிட் ஸ்டார் ஜோர்டன், வயோமிங் பல்கலைக்கழகப் புவியியலாளர் வில்பர் நைட்டின் நினைவாக இந்தச் சாதிக்குப் பெயர் வைத்தார். 1987 இல் வயோமிங் அதைத் தன் மாநில உயிர்ச்சுவடாக (பொசில்) அறிவித்தது.

மீன் உயிர்ச்சுவடு படிக்கத் தொடங்கும் ஒருவர் வன்னியில் இருந்தால் நைட்டியாவிலேயே தொடங்கலாம். அது சூடை, சாளை, கீரி மீன்களின் கூட்டத்தைச் சேர்ந்தது. முல்லைத்தீவுக் கரையில் காலையில் இறங்கும் சூடைக்கும் வயோமிங் கல்லில் கிடக்கும் நைட்டியாவுக்கும் முள்ளமைப்பு பெரும்பாலும் ஒன்றே. ஒரு சூடையின் முட்களைக் கையால் பிரித்து, எண்ணி, ஒழுங்காக அடுக்கியவருக்கு நைட்டியாவின் படத்தைக் கண்டதும் எது எங்கே என்று கை நீட்டிக் காட்ட வரும். முள்ளைத் தொடாமல் படத்தை மட்டும் பார்ப்பவர் பெயர்களை மனனம் செய்துவிட்டு அடுத்த கல்லில் தடுமாறுவார். ஆகவே முதலில் மீன், பிறகுதான் கல்.

கல் தேடிக் காட்டுக்குள் போக வேண்டாம்

வன்னியில் மீன் உயிர்ச்சுவடு கிடைக்குமா என்பதுதான் புதியவர்கள் முதலில் கேட்பது. உள்நாட்டு வன்னியின் அடித்தளம் புவியோட்டின் ஆழத்தில், ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை. புவியியலாளர்கள் அதற்கு வன்னித் தொகுதி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வவுனியாப் பக்கத்தில் உடைக்கப்படும் கருங்கல்லில் வரி வரியாகத் தெரிவது கனிமங்கள் பிரிந்து உண்டான பட்டைகள். அவற்றில் மீனோ சிப்பியோ இருக்க வழியில்லை. இரணைமடுப் பக்கத்துச் செம்மணலும் கிரவலும் மிகப் பிந்திய காலத்தவை. கற்கால மனிதரின் கருவிகளைத் தேடுபவர்களுக்கே அவை முக்கியம். மன்னார்க் கரையோரமாக வடமேற்கில் ஓடும் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது, அதாவது 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது. நைட்டியாவுக்கு மிகப் பிந்தியது, அதோடு கடலில் படிந்தது. நன்னீர் மீனான நைட்டியாவை அதில் எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது உயிர் பற்றிய விடயம். வன்னியின் சில பகுதிகளில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. சிவப்பு மண்டையோட்டுப் பலகையோ, சிவப்பு முனையடித்த கட்டைகளோ, கட்டிய நாடாவோ இருந்தால் அதைத் தாண்ட வேண்டாம். பலகை இல்லாவிட்டாலும், ஆட்கள் வழமையாக நடக்காத பற்றைக்குள் கல்லுக்காக இறங்குவதும் மண்ணைக் கிண்டுவதும் கூடாது. சந்தேகமான இரும்புப் பொருள் கண்ணில் பட்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி, பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லும் வேலை எல்லாவற்றையும் வீட்டு முற்றத்திலேயே செய்யலாம்.

சாமான்கள்

புதுச் சூடை 4: இரண்டு 14 முதல் 17 சென்ரிமீற்றர், மற்ற இரண்டும் சோடாப் போத்தலுக்குள் படுத்துக் கிடக்கக்கூடிய சிறியவை, 8 சென்ரிமீற்றருக்குள். முள்ளுவாங்கி ஒன்று, நுனி மெல்லியதாக. பழைய மென்மையான பல் பிரஸ். 10 மடங்கு உருப்பெருக்கும் கைவில்லை. தட்டையான பிளாஸ்ரிக் தட்டு, அதற்குள் கிடக்கக்கூடிய கம்பி வலைத் துண்டு. ரெஜிபோம் பலகை ஒன்று, குண்டூசி ஒரு பெட்டி. பாத்திரம் கழுவும் திரவம். பாமசியில் கிடைக்கும் 3% ஐதரசன் பெரொட்சைட். வெள்ளைப் பசை. கறுப்பு மட்டை. 1.5 லீற்றர் சோடாப் போத்தல் இரண்டு, வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல் ஒன்று, பழைய நைலோன் சீலை. ரோர்ச் லைற். மில்லிமீற்றர் குறித்த அடிமட்டம்.

தண்ணீர் மழைநீராக இருந்தால் நல்லது. வன்னியின் பல கிணறுகளில் கடின நீர். கேத்தில் அடியில் வெள்ளையாகப் பிடிக்கும் அதே படிவு மெல்லிய முட்களிலும் பிடித்து, செட்டைக் கதிர்களின் மூட்டுக்களை மறைத்துவிடும். மழைநீர் இல்லையென்றால் கொதிக்க வைத்து ஆறி, மேலே தெளிந்ததை மட்டும் பாவியுங்கள்.

மீன் தெரிவு

சூடையின் செதில் இலகுவில் கழன்றுவிடும். பெட்டிக்குள் ஐசோடு நசிந்து ஊருக்குள் வந்த மீனில் பாதிச் செதில் இருக்காது, செட்டைகளும் கிழிந்திருக்கும். கரைக்குப் போகக்கூடியவர்கள் வலையிலிருந்து தட்டும்போதே வாங்குவது நல்லது. பூ (செவுள்) சிவப்பாக, கண் தெளிவாக, வயிறு உறுதியாக இருக்க வேண்டும். வயிறு இளகிய மீனில் விலா முட்கள் ஏற்கெனவே தசையை விட்டுக் கழன்றிருக்கும்; பிரிக்கும்போது ஒழுங்கு தெரியாது.

வாங்கும்போதே ஒரு சோதனை செய்யலாம். வயிற்றின் அடி விளிம்பில் வாலிலிருந்து தலைப்பக்கம் விரலை மெல்ல இழுங்கள். அரத்தில் உரசுவதுபோல் கீறும். அந்தக் கூர்கள் தகட்டுச் செதில்கள். நைட்டியாவை அடையாளம் காண இவைதான் பெரிதும் உதவும், ஆகவே இவை முழுதாக இருக்கும் மீனையே எடுங்கள். முக்கியமாக, கடையில் வெட்டித் துப்புரவாக்கித் தரச் சொல்லக்கூடாது. கறிக்கு வெட்டுபவர்கள் சூடையின் வயிற்று விளிம்பை நீளமாகச் சீவி எறிவார்கள். தகட்டுச் செதில் முழுவதும் அதோடு போய்விடும்.

முள் பிரித்தல்

முதலில் அளவு. மூக்கு நுனியிலிருந்து வாற்செட்டை தொடங்கும் இடம் வரை நீளம், உடல் மிகவும் அகன்ற இடத்தில் உயரம், மூக்கு நுனியிலிருந்து முதுகுச் செட்டையின் முதற் கதிர் வரையுள்ள தூரம், அதேபோல் வயிற்றுச் செட்டை வரையும் குதச் செட்டை வரையும் உள்ள தூரங்கள். ஐந்தையும் மில்லிமீற்றரில் எழுதுங்கள். நீளத்தை வாலின் கவை நுனிவரை அளக்கக்கூடாது. கல்லில் வால் நுனி பெரும்பாலும் உடைந்திருக்கும், ஒப்பிட முடியாமல் போகும். பிறகு பக்கத்திலிருந்து ஐந்தாறு செதில்களை எடுத்து இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கிடையில் வைத்துவிடுங்கள்.

குடலை அகற்ற வலது பக்கத்தில், வயிற்று விளிம்புக்கு 1 சென்ரிமீற்றர் மேலே, நீளவாட்டில் கீறுங்கள். ஒவ்வொரு தகட்டுச் செதிலுக்கும் இரண்டு பக்கமும் மேலே ஏறும் மெல்லிய கைகள் உண்டு. விளிம்பில் வெட்டினால் அந்தக் கைகள் துண்டாகும்.

மீனைச் சட்டியில் போட்டு அவிக்கக்கூடாது. கொதிக்கும் நீரின் ஆட்டத்தில் முள்ளந்தண்டு கழன்று, தசைக்குள் இருக்கும் மயிர்போன்ற முட்கள் விலா முட்களோடு கலந்து, கடைசியில் ஒரு பிடி முள்தான் மிஞ்சும். நீரைக் கொதிக்க வைத்து இறக்கி 5 நிமிடம் விடுங்கள். மீனைக் கம்பி வலைமேல் இடது பக்கம் மேலே இருக்கும்படி கிடத்தி, தட்டுக்குள் வைத்து, உடல் மூழ்கும் அளவுக்கு அந்த நீரை ஓரத்தால் ஊற்றி மூடுங்கள். வால் தட்டின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். செட்டைக் கதிர்களைச் சேர்த்துப் பிடிக்கும் சவ்வு சூட்டில் கரையும், கரைந்தால் கதிர்கள் உதிரும். 15 சென்ரிமீற்றர் மீனுக்கு 3 முதல் 4 நிமிடம் போதும். தோல் தள்ளினால் வழுக்க வேண்டும், தசை இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும். அதுதான் அளவு.

இப்போது தோலைத் தலைக்குப் பின்னாலிருந்து வால்பக்கமாக உரியுங்கள். தசையை முள்ளுவாங்கியால் அதன் நார் ஓடும் திசையிலேயே சிறு சிறு துண்டாக எடுங்கள். எதிர்த் திசையில் இழுத்தால் விலா முள் கூடவே வரும். முதுகுச் செட்டைக்குக் கீழே தசைக்குள் இறங்கும் மெல்லிய தாங்கு முட்கள் வரிசையாக இருக்கும். அவை முள்ளந்தண்டோடு பொருந்தியவை அல்ல, தசை மட்டுமே அவற்றை நிறுத்தி வைத்திருக்கிறது. அந்த இடத்தில் தசையைக் கடைசியாக எடுங்கள். சூடையில் தசையிடை முட்கள் ஏராளம். அவற்றில் பாதி போனாலும் கவலை வேண்டாம், கல்லிலும் அவை குழம்பித்தான் கிடக்கும்.

இடது பக்கம் துப்புரவானதும் அதன்மேல் ஈரச் சீலைத் துண்டைப் பரப்பி, வலையோடு சேர்த்துப் புரட்டி, வலது பக்கத்தையும் அதே முறையில் எடுங்கள். தலையை இந்த மீனில் பிரிக்கக்கூடாது. பூமூடி, தாடை எல்லாம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். பூக்களை மட்டும் பூமூடியைத் தூக்கி வெளியே எடுத்துவிடுங்கள். விட்டால் அழுகி மணக்கும்.

சூடை எண்ணெய் மீன். எண்ணெயை எடுக்காவிட்டால் முள் மஞ்சளித்து, மாதக்கணக்கில் மணக்கும், எறும்பும் வரும். இளஞ்சூட்டு நீர் ஒரு லீற்றருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி கலந்து 2 அல்லது 3 நாள் ஊறவிட்டு, நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். பின் 3% பெரொட்சைட்டில் 1 முதல் 2 மணித்தியாலம். நிறம் வெளிறியதும் எடுத்துக் கழுவிவிட வேண்டும். இரவு முழுக்க விட்டால் செட்டைக் கதிர் நுனிகள் பிளந்து மெதுவாகிவிடும். கையுறை போடுங்கள், கண்ணில் தெறிக்க விடாதீர்கள். கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளையோ உடுப்பு வெளுக்கும் திரவத்தையோ இதற்குப் பாவிக்கக்கூடாது. அவை முள்ளையே அரித்து மாவாக்கிவிடும்.

ஈரம் இருக்கும்போதே ரெஜிபோம் பலகையில் கிடத்தி, செட்டைகளை விரித்து, குண்டூசிகளை முள்ளுக்கு இருபுறமும் குத்தி நிறுத்துங்கள். முள்ளின் ஊடாகக் குத்தக்கூடாது. நிழலில் 2 அல்லது 3 நாள். வெயிலில் வைத்தால் முள்ளந்தண்டு வளைந்துவிடும். பலகையை ஒரு கிண்ணத்தின்மேல் வைத்து, கிண்ணத்தைத் தண்ணீர்த் தட்டுக்குள் நிறுத்தினால் எறும்பு ஏறாது. காகமும் பூனையும் எட்டாத இடமாகவும் பார்க்க வேண்டும். காய்ந்ததும் கறுப்பு மட்டையில் வெள்ளைப் பசையால், தலை இடது பக்கம் பார்க்கும்படி ஒட்டுங்கள். பக்கத்தில் 1 சென்ரிமீற்றர் நீளக் கோடு ஒன்றை வரைந்துவிட்டால் படம் எடுக்கும்போது அளவு தெரியும்.

இரண்டாவது மீன் தனி முட்களுக்கு. குடலெடுத்து, வாய் அகன்ற போத்தலில் மழைநீரில் போட்டு மூடியைத் தளர்வாக மட்டும் வையுங்கள். இறுக்கினால் வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கலாம். வன்னி வெப்பத்தில் ஒன்று முதல் இரண்டு கிழமையில் தசை கரைந்துவிடும். 3 நாளுக்கொருமுறை நைலோன் சீலையால் வடித்து நீரை மாற்றுங்கள். சீலை இல்லாமல் ஊற்றினால் காதுக்கற்கள் போய்விடும். அவை தலைக்குள் இருக்கும் இரண்டு வெள்ளைச் சிறு கற்கள், சூடையில் இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான். மீனின் மற்ற முள் எல்லாம் அழிந்த படிவுகளில்கூடக் காதுக்கல் தனியாகக் கிடைப்பதுண்டு, அதனால் அதன் வடிவம் கண்ணில் பதிந்திருப்பது நல்லது.

எண்ணி எழுத வேண்டியவை

சூடை கதிர்ச்செட்டை மீன். செட்டைக்குள் தசைப்பிடி இல்லை. உடலிலிருந்து நேரே முட்கதிர்கள் விரிகின்றன. கைவில்லையில் பார்த்தால் ஒவ்வொரு கதிரும் சிறு கணுக்களாகப் பிரிந்தும், நுனியில் கிளைத்தும் இருக்கும். சுறாவின் செட்டையையும் திருக்கையின் செட்டையையும் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவற்றில் இருப்பது கசியிழையமும் இழைகளும்தான். கல்லில் ஒரு செட்டை தெரிந்தால் கணுவும் கிளையும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிறகு எண்ணுங்கள். முள்ளந்தண்டின் கட்டைகள், வாலிலிருந்து முன்னோக்கி; பத்துக்கு ஒரு குண்டூசி குத்தினால் கணக்குத் தவறாது. முதுகுச் செட்டைக் கதிர்கள். குதச் செட்டைக் கதிர்கள். சூடையில் கடைசி இரண்டும் மற்றவற்றை விடப் பெரியவை. வயிற்றுத் தகட்டுச் செதில்கள், வயிற்றுச் செட்டைக்கு முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை என்று பிரித்து. மொத்தம் 30 ஐச் சுற்றி வரும். ஒவ்வொரு கட்டையும் முன்னும் பின்னும் குழிந்து, நடுவில் ஒடுங்கி இருப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கல்லில் பக்கவாட்டாக நசிந்த முள்ளந்தண்டு மணிக்கோவைபோல் தெரிவது இதனால்தான். வாலடியில் கடைசிக் கட்டைகள் மேல்நோக்கி வளைந்து, விசிறித் தகடுகளாக விரிந்து, வாற்செட்டையைத் தாங்குகின்றன. வெளியே பார்க்கச் சமச்சீரான கவை. உள்ளே முள்ளந்தண்டு மேலே போகிறது.

நைட்டியாவின் படத்தை வாசித்தல்

வயோமிங்கில் கெமரர் என்ற ஊருக்கு அருகே 1972 இல் அமைக்கப்பட்ட பொசில் பியூட் தேசிய நினைவிடம் இந்த மீன்களுக்கென்றே காக்கப்படும் இடம். அங்கிருந்தும் அருங்காட்சியகங்களிலிருந்தும் வரும் தெளிவான படங்கள் இணையத்தில் இருக்கின்றன. அளவுக்கோடு உள்ள படமாக ஒன்றைத் தெரிந்தெடுத்து, கொமியுனிகேசன் கடையில் அச்செடுங்கள். பக்கத்துக்குப் பொருந்தும்படி தானாக அளவு மாற்றும் தெரிவை நிறுத்தச் சொல்ல வேண்டும். அச்சில் வந்த அளவுக்கோட்டை அடிமட்டத்தால் அளந்து 1 சென்ரிமீற்றர் சரியாக 1 சென்ரிமீற்றராக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எடுக்கும் எல்லா அளவும் பிழைக்கும்.

வாசிப்பை வாலில் தொடங்குங்கள். புதியவர்கள் தலையில் தொடங்கித்தான் குழம்புகிறார்கள்: மண்டை முட்கள் மெல்லியவை, ஒன்றன்மேல் ஒன்று நசிந்து கிடக்கும், வலப்பக்க முள் இடப்பக்க முள்ளின் ஊடாகத் தெரியும். வாலடி விசிறியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து முள்ளந்தண்டைப் பின்தொடர்ந்து முன்னால் வாருங்கள். மேலே ஒற்றை முதுகுச் செட்டை, உடலின் நடுப்பகுதியில். அதன் கீழே ஏறத்தாழ நேரெதிரில், வயிற்றின் நடுவில், வயிற்றுச் செட்டை. பின்னால் குதச் செட்டை. மூன்றின் இருப்பிடமும் உங்கள் சூடையோடு ஒத்துப்போகும்.

அடுத்து வயிற்று விளிம்பு. சூடையில் விரலைக் கீறிய அதே தகட்டுச் செதில் வரிசை இங்கும் உண்டு, கைகள் மேலே ஏறுவதுவரை தெரியும். இனித் தலைக்குப் பின்னாலிருந்து முதுகுச் செட்டை வரை மேல் விளிம்பைக் கைவில்லையால் பாருங்கள். அங்கும் ஒரு வரிசைத் தகட்டுச் செதில் இருக்கும். உங்கள் சூடையில் அந்த இடத்தில் வெறும் செதில்தான். மேலும் கீழும் கவசம் இருப்பது நைட்டியாவின் அடையாளங்களில் முதன்மையானது. இந்த ஒரு வேறுபாட்டைத் தன் கண்ணால் கண்டவர் இந்தப் படிப்பில் கால் வைத்துவிட்டார்.

கடைசியில் தலை. பெரிய தட்டையான பூமூடித் தகடு, கண்குழி, கீழ்த்தாடை. இந்த மூன்றோடு நிறுத்துங்கள்.

கிரீன் ரிவர் படிவில் நைட்டியாவில் இரண்டு இனங்கள். நைட்டியா இயோசீனா ஒல்லியானது, 25 சென்ரிமீற்றர் வரை வளரும். நைட்டியா அல்ரா உடல் உயர்ந்து, குட்டையானது. நீளத்தை உயரத்தால் வகுத்துப் பாருங்கள். எண் சிறியதாக வந்தால் அல்ராவின் பக்கம். ஆனால் வயிறு வெடித்து விலா முட்கள் கீழே சாய்ந்த கல்லில் உயரம் பொய்யாகக் கூடித் தெரியும். அப்படிப்பட்ட கல்லில் இனத்தை முடிவு செய்யாமல் நைட்டியா என்று மட்டும் எழுதுவதே நேர்மை.

சில கற்கள் மீனின் நடுவாலேயே இரண்டாகப் பிளக்கும். இரண்டு பாதியிலும் முள் இருக்கும், ஒன்றில் தலை இடப்பக்கம், மற்றதில் வலப்பக்கம். உங்கள் கையில் இருப்பது எந்தப் பாதி என்று பார்க்காமல் இது மீனின் இடது பக்கம் என்று எழுதிவிடாதீர்கள்.

நைட்டியா என்று ஏமாற்றும் மற்ற மீன்கள்

அதிகம் குழப்புவது டிப்ளோமிஸ்ரஸ். அதே ஏரியில் வாழ்ந்தது, அதற்கும் முதுகில் தகட்டுச் செதில் உண்டு. அதன் குட்டி நைட்டியாவின் பருமனில்தான் இருக்கும். குதச் செட்டையைப் பாருங்கள்: டிப்ளோமிஸ்ரஸில் அதன் அடி நீண்டு வால்வரை ஓடும், வாய் மேல்நோக்கித் திறக்கும். நைட்டியாவில் குதச் செட்டை குறுகியது. வளர்ந்த டிப்ளோமிஸ்ரஸ் நைட்டியாவைத் தின்று வாழ்ந்தது. விழுங்கும்போதே செத்து, வாயில் நைட்டியாவோடு கல்லான மாதிரிகள் கிடைத்திருக்கின்றன.

முதுகுச் செட்டையின் முன்பகுதியில் தடித்த, கிளைக்காத, கூரான முட்கள் நின்றால் அது நைட்டியாவே அல்ல. அந்த ஏரிகளின் பிரிஸ்ககாராவாக இருக்கலாம். அதற்கு ஒப்பிடச் சூடை உதவாது, குளத்துத் திலாப்பியாவை எடுங்கள். கூர்முள்ளும் கிளைக்கதிரும் ஒரே செட்டையில் எப்படி அடுத்தடுத்து வருகின்றன என்பது அதில் நன்றாகத் தெரியும். கோடையில் வற்றிய குளத்தின் ஓரத்தில் திலாப்பியா முட்கள் காய்ந்து கிடக்கும். ஆனால் முதலைகள் அந்தக் காலத்தில் எஞ்சிய நீரிலும் சேற்றிலும்தான் ஒதுங்கியிருக்கும். காய்ந்து வெடித்த நிலத்தில் மட்டும் நடந்து, நீரோரத்தை விட்டு விலகியே எடுங்கள்.

இன்னும் பழைய கதிர்ச்செட்டை மீன்களுக்கு இந்த முள் பயிற்சி அவ்வளவாக உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். நமக்கு அருகில் கிடைக்கும் உதாரணம் லெபிடோட்டஸ், இந்தியாவின் கோதாவரிப் பள்ளத்தாக்கில் ஜுராசிக் காலக் கோட்டாப் படிவில் இருப்பது. அதன் உடல் முழுவதும் தடித்த, பளபளப்பான, சாய்சதுரச் செதில்கள் இறுகப் பொருந்தியிருக்கும். உள்ளே முள் இருந்தாலும் வெளியே தெரியாது. செதிலின் வடிவம், வரிசை, பொருந்தும் விதம் ஆகியவற்றை வைத்துத்தான் வாசிக்க வேண்டும். வன்னிக் குளங்களின் நாட்டு மீன் எதிலும் அந்த வகைச் செதில் இல்லை.

இரண்டு போத்தல் பரிசோதனை

நைட்டியா ஏன் இவ்வளவு முழுமையாகக் கிடைக்கிறது என்பது மிஞ்சிய இரண்டு சூடைகளில் தெரிந்துவிடும். இவற்றின் குடலை எடுக்கக்கூடாது. சோடாப் போத்தல்களின் மேற்பகுதியை வெட்டுங்கள். முதலாவதில் தண்ணீரும் ஒரு மீனும் மட்டும். இரண்டாவதில் குளத்து வண்டலைச் சீலையால் வடித்து 3 சென்ரிமீற்றர் படியவிட்டு, மீனைக் கிடத்தி, அதே வண்டலைக் கரைசலாக மெல்ல ஊற்றி இன்னும் 5 சென்ரிமீற்றர் மூடவிடுங்கள். இரண்டின் வாயையும் நைலோன் சீலையால் இறுகக் கட்டுங்கள். திறந்து வைத்தால் நுளம்பு முட்டையிடும், டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் வழக்கும் வரும். வீட்டிலிருந்து தள்ளி, நிழலில் 3 கிழமை.

முதற் போத்தலில் ஓரிரு நாளில் வயிற்றில் வாயு சேர்ந்து மீன் மிதக்கும். கீழ்த்தாடை தொங்கி விழும், தோல் கிழியும், முட்கள் ஒன்றொன்றாக அடியில் குவியும். இரண்டாவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நீர் ஊற்றி மேலிருந்து கழுவித் திறந்தால் முள்ளந்தண்டும் வாலும் பெரும்பாலும் வரிசையில் இருக்கும். வயிற்றுப்பக்கம் மட்டும் வெடித்துச் சிதறியிருக்கலாம். வயோமிங் ஏரிகளில் செத்த மீன் மிதக்காமல் அடியில் கிடந்தது, அங்கே ஒட்சிசன் குறைவு, கிண்டித் தின்னும் பிராணிகள் இல்லை, மிக நுண்ணிய சுண்ணாம்புச் சேறு மேலே படிந்துகொண்டிருந்தது. ஒரே கல்லில் நூற்றுக்கணக்கான நைட்டியாக்கள் கிடப்பது ஒரே நேரத்தில் கூட்டமாகச் செத்ததால். வன்னிக் குளங்களில் ஆவணி, புரட்டாதியில் நீர் வற்றும்போது மீன் செத்தாலும் அவை கல்லாவதில்லை: கொக்கும் பருந்தும் தின்றதுபோக மிஞ்சியதை வெயில் உலர்த்தி உடைத்துவிடும், மாரி வெள்ளம் கொண்டுபோய்விடும்.

கல் வாங்குவதென்றால்

சின்ன நைட்டியாக் கல் உலகச் சந்தையில் மலிவானது. தனியார் நிலங்களிலும் மாநில அனுமதி பெற்ற சுரங்கங்களிலும் தோண்டி விற்கிறார்கள். பொசில் பியூட் நினைவிடத்துக்குள் தோண்டத் தடை. ஆகவே எந்தச் சுரங்கம் என்று விற்பவர் எழுதித் தருவாரா என்று கேளுங்கள். பிரேசில் மீன்கள் என்று விற்பவற்றை வாங்க வேண்டாம். 1942 ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கு உயிர்ச்சுவடு அரசின் சொத்து.

போலியும் ஒட்டும் உண்டு. ரோர்ச்சைக் கல்லின் ஓரத்தில் தாழ்வாகப் பிடியுங்கள். உண்மையான முள் மேற்பரப்பிலிருந்து மெல்ல எழுந்து நிழல் விழுத்தும். வர்ணம் பூசியது தட்டையாக இருக்கும். கைவில்லையில் தூரிகைக் கோடுகளோ காற்றுக் குமிழிகளோ தெரிந்தால் அந்த இடம் மனிதர் செய்தது. அசற்றோன் உள்ள நகப்பூச்சு நீக்கியைப் பஞ்சில் தொட்டு ஓரத்தில் மெல்ல ஒற்றுங்கள், நிறம் பஞ்சில் ஏறினால் அது வர்ணம். கல்லைத் துப்புரவாக்க எலுமிச்சைச் சாறு, வினாகிரி போன்ற புளிப்புத் திரவம் எதையும் தொடவிடக்கூடாது. சுண்ணாம்புக்கல் நுரைத்துக் கரையும், முள்ளும் கழன்றுவிடும்.

மாரிக்கு முன்

ஐப்பசி தொடங்குவதற்குள் சூடை மட்டையையும் தனி முட்களையும் இறுக்கமான மூடியுள்ள பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். ஈரம் ஏறினால் பசை இளகி முள் கழலும், பூஞ்சணம் பிடிக்கும். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்கள் இரண்டு மூன்றை உள்ளே போடுங்கள், மாதத்துக்கொருமுறை வெயிலில் காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாம். கருவாட்டில் விழும் மயிர்ப்புழு எண்ணெய் சரியாக எடுபடாத முட்களைத் தேடி வரும். அருங்காட்சியகங்களில் எலும்பு துப்புரவாக்க வளர்க்கும் வண்டும் அந்த வகைதான், ஆனால் சூடைபோன்ற மெல்லிய முள்ளை அது உதிர்த்துவிடும். பூச்சி உருண்டை ஒன்றைத் துணியில் கட்டிப் போட்டால் வராது. ஒவ்வொரு மட்டையின் பின்னாலும் மீன் வாங்கிய கரை, திகதி, ஐந்து அளவுகள், எண்ணிய கணக்கு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பேனை மை மாரி ஈரத்தில் ஊறிப் பரவும்.